அம்மாயி வைத்த வெள்ளி ரூபாய்: விற்பதற்கு முன் விலை கண்டுபிடிப்பது எப்படி

அம்மாயிக்குக் காரியம் முடிந்த மறுநாள், பரண் மேல் இருந்த பித்தளைச் சொம்பை மாமா இறக்கினார். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்து 43 காசுகள். எல்லாம் கருத்துப் போய்க் கிடந்தன. "நாளைக்குக் கடைவீதிக்குப் போறேன் கண்ணு. போட்டுட்டு வந்து மூணு பங்காப் பிரிச்சுக்கலாம். வெள்ளிதானே, எல்லாம் ஒரே வெலதானே?" என்றார். எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் மாமா என்று சொம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பழைய வெள்ளி வருவதையும், எடை போடுவதையும், உருக்கிக் கட்டியாக்குவதையும் தினமும் பார்க்கிறவள். ஆனால் அந்த ஒரு வாரத்தை நான் கேட்டதற்குக் காரணம் பட்டறை இல்லை, எங்கள் அம்மா. அண்ணனுக்குக் காலேஜ் பீஸ் கட்டுவதற்காக அம்மா தன்னிடம் இருந்த 22 வெள்ளி ரூபாய்களை விற்றார். போவதற்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து புளி போட்டு, சாம்பல் போட்டு, ஒவ்வொன்றையும் பளபளவென்று தேய்த்தார். கடைக்காரர் மொத்தத்தையும் ஒரே தட்டில் கொட்டி, "இதெல்லாம் பாதிக்குப் பாதி செம்பும்மா" என்று சொல்லிப் பாதி வெள்ளிக்குக் காசு கொடுத்தார். அம்மா நம்பினார். அந்தக் காசுகளில் தாடி வைத்த ராஜாவும் கிரீடம் வைத்த ராணியும்தான் இருந்தார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டறைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ராஜா ராணி காசுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் வெள்ளி என்று.

அதனால் இதை எழுதுகிறேன். வீட்டில் வெள்ளி ரூபாய் வைத்திருப்பவர்கள் கடைப்படி ஏறுவதற்கு முன், வீட்டிலேயே உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

முதலில், கழுவாதீர்கள். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது. புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை, பாத்திரம் தேய்க்கிற பவுடர், எதுவும் வேண்டாம். கருப்பு ஏறிய காசு அழுக்குக் காசு என்று நமக்குத் தோன்றும். காசு சேர்க்கிறவர்களுக்கு அந்தக் கருப்புதான் அது யாரும் கை வைக்காத காசு என்பதற்குச் சாட்சி. தேய்த்தால் மேல் தோல் போய்விடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அதைப் பார்த்ததும் காசு சேர்க்கிறவர் கீழே வைத்துவிடுவார், அல்லது வெள்ளி விலைதான் சொல்லுவார். வெள்ளி விலைக்கு வாங்குகிற கடைக்காரருக்கோ கருப்பாக இருந்தாலும் வெளுப்பாக இருந்தாலும் ஒன்றுதான், எப்படியும் உருக்கத்தான் போகிறார். ஆக, தேய்ப்பதால் யாரிடமும் ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. மண் ஒட்டியிருந்தால் சாதாரணத் தண்ணீரில் முக்கி எடுத்து, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். துடைக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்து எடுக்கப் பழகுங்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, முகம் பார்த்துப் பிரியுங்கள். பிரிட்டிஷ் காலத்து ஒரு ரூபாய்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இவ்வளவுதான். 1835 என்று போட்ட நான்காம் வில்லியம், முடிசூடாத தலை. 1840 விக்டோரியா, பின்பக்கம் கிழக்கிந்திய கம்பெனி பெயர் இருக்கும். 1862 விக்டோரியா, கம்பெனி போய் "இந்தியா" வந்திருக்கும். 1877 முதல் 1901 வரை விக்டோரியா "எம்ப்ரஸ்". 1903 முதல் 1910 வரை கிரீடம் இல்லாத தலையோடு ஏழாம் எட்வர்டு. 1911 முதல் கிரீடமும் தாடியுமாக ஐந்தாம் ஜார்ஜ். 1938 முதல் தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ். நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து ராஜா ராணி காசு என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் விலை முகத்துக்கு முகம் மாறும்.

நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வருஷம் ஒன்றே ஒன்று: 1940. 1835-லிருந்து 1939 வரை வந்த ஒரு ரூபாய் எல்லாம் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்தது, வெள்ளிக்குத் தட்டுப்பாடு, ஜனங்களும் நல்ல வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். 1940-லிருந்து 1945 வரை அடித்த ரூபாய்க்கு எடை அதே 11.66 கிராம்தான், வெள்ளி மட்டும் 50 சதவீதம். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அம்மாவிடம் கடைக்காரர் சொன்ன பாதிக்குப் பாதி என்பது இந்த ஆறு வருஷத்து ரூபாய்க்குத்தான் பொருந்தும். தேதி தேய்ந்து போயிருந்தால் விளிம்பைப் பாருங்கள். பழைய காசின் விளிம்பில் நேர்க்கோடுகள் மட்டும் இருக்கும். 1940 முதல் வந்ததில் பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும், பள்ளத்துக்குள் சின்ன வேலைப்பாடு இருக்கும். கள்ளக் காசு அடிக்காமல் இருப்பதற்காக வைத்த பாதுகாப்பு விளிம்பு அது. நகத்தால் தடவினாலே தெரியும்.

1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. பின்பக்கம் புலி நடக்கும். சுதந்திரம் கிடைத்த வருஷம் என்று அதைப் பத்திரமாக முடிந்து வைத்திருப்பார்கள், எங்கள் அம்மாயியும் இரண்டு வைத்திருந்தார். அது சுத்த நிக்கல். ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. எனவே காந்தச் சோதனையை எல்லாக் காசுக்கும் செய்துவிடுங்கள், ஒட்டியதைத் தனியாக வைத்துவிடுங்கள். ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததில் 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயைக் கவனியுங்கள். 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி, ஆக 12 கிராம் சுத்த வெள்ளி, ராணி ரூபாயைவிட அதிகம். இதைச் சாதாரணப் பத்து ரூபாய்க் காசு என்று சில்லறை டப்பாவில் போட்டுவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதே வருஷத்து காந்தி ஒரு ரூபாய் நிக்கல். 1964 நேரு ரூபாயும் நிக்கல்தான்.

சரி, எடைக்கு வருவோம். நகை எடை போடுகிற கையளவு டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. ஒவ்வொரு காசையும் தனித்தனியாகப் போட்டு நோட்டில் எழுதுங்கள். ராணி காலத்து ரூபாய் கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கும், 11.4, 11.5 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். 10.5, 9.8 என்று காட்டினால் அது அச்சில் வார்த்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ரூபாய் நம் பாட்டிமார்களுக்கு எடைக்கல்லாகவும் இருந்தது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒரு தோலாவும் ஒரு ரூபாயும் ஒரே எடை. நாட்டு மருந்துச் சீட்டில் "ஒரு ரூபாய் எடை" என்று இன்றைக்கும் எழுதுவது இந்தக் காசை வைத்துத்தான். அவ்வளவு சரியான எடையில் அடித்த காசு, அதனால்தான் எடை தப்பினால் சந்தேகப்படலாம் என்கிறேன்.

எடை சரியாக இருந்தும் வெள்ளியா என்று சந்தேகம் வந்தால் தண்ணீர்ச் சோதனை. பட்டறையில் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து, தராசின் மேல் வையுங்கள். பொத்தானை அமுக்கிச் சைபர் ஆக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி கையால் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். நல்ல ராணி ரூபாய்க்கு 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3 வரும். 1940-க்குப் பிந்தைய அரை வெள்ளி ரூபாய் 1.22 காட்டும், வகுத்தால் 9.5-ஐ ஒட்டி வரும். வெள்ளியே இல்லாத நிக்கல் கலவை 8.9. வித்தியாசம் மிகச் சிறியது, கை நடுங்கினாலே மாறிவிடும். அதனால் ஒரே வகைக் காசு ஐந்தைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். ஐந்து நல்ல ரூபாய்க்கு 5.64, ஐந்து அரை வெள்ளிக்கு 6.12. இப்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நான் அடுக்களைத் திண்ணையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். 10.3 வந்ததும், "அப்ப உங்கம்மா வித்தது?" என்று கேட்டுவிட்டு அவரே பேசாமல் போய்விட்டார்.

இது தவிர அந்தக் காலத்துச் சுண்டிப் பார்க்கிற முறையும் உண்டு. காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டினால் வெள்ளி "கிண்" என்று நீண்டு ஒலிக்கும். ஈயம் கலந்து வார்த்தது "தொப்" என்று நின்றுவிடும். நல்ல நிலையில் இருக்கிற காசைத் தரையில் போட்டுப் பார்க்காதீர்கள், விளிம்பில் ஒரு அடி பட்டால் அதற்கும் விலை குறையும். யாராவது உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன் என்றாலும் விடாதீர்கள். டெஸ்டிங் சென்டரில் மெஷினில் வைத்தால் காசுக்குச் சேதம் இல்லாமல் சதவீதம் அச்சிட்டுத் தருவார்கள். அந்த மெஷின் மேல் தோலைத்தான் படிக்கும், வெள்ளி முலாம் பூசியதைச் சில நேரம் வெள்ளி என்றே சொல்லிவிடும். தண்ணீர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

இப்போது கணக்கு. எங்கள் 43-ஐ அப்படியே சொல்கிறேன். 1840 விக்டோரியா 3, 1862 விக்டோரியா 4, எம்ப்ரஸ் 7, எட்வர்டு 6, ஐந்தாம் ஜார்ஜ் 11. இந்த 31-ம் நல்ல வெள்ளி, மொத்த எடை 357.20 கிராம். ஆறாம் ஜார்ஜ் அரை வெள்ளி 8, எடை 92.90. காந்திப் பத்து ரூபாய் 1, எடை 15. புலி ரூபாய் 2. கடைசியாக ராமர் பட்டாபிஷேகம் போட்டு, மறுபக்கம் கம்பெனி பெயரும் 1818 என்ற வருஷமும் போட்ட ஒரு செம்புக் காசு.

357.20-ஐ 0.917-ஆல் பெருக்கினால் 327.55. 92.90-இல் பாதி 46.45. காந்தி 12. கூட்டினால் 386 கிராம் சுத்த வெள்ளி. இதை அன்றைய கிராம் விலையால் பெருக்க வேண்டும். வெள்ளி விலை காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்றாக இருக்கிறது, அதனால் மனக்கணக்குக்கு எளிதாகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 38,600 ரூபாய். அம்மாவுக்குச் செய்தது மாதிரி மொத்தத்தையும் ஒரே தட்டில் போட்டு எல்லாம் பாதி வெள்ளி என்றிருந்தால் 23,255. பிரித்து வைத்த ஒரே காரியத்துக்கு 15,345 ரூபாய் வித்தியாசம். கிராம் விலை ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறும்.

இந்த வெள்ளி விலைதான் உங்கள் காசின் அடிவிலை. இதற்குக் கீழே யார் கேட்டாலும் காரணம் கேட்க வேண்டும். இதற்கு மேலே போகிற காசு எது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: பழையது என்பதால் மட்டும் விலை ஏறாது. பெரும்பாலான ராணி, ராஜா ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. 1918-ல் அமெரிக்கா 27 கோடி வெள்ளி டாலர் காசுகளை உருக்கியது, அதில் மிகப் பெரும்பகுதியை பிரிட்டன் வாங்கி இந்தியாவில் ரூபாய் அடிப்பதற்கு அனுப்பியது. முதல் உலகப் போர்ச் செலவுக்கு அவ்வளவு ரூபாய் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு 1919 ஜார்ஜ் ரூபாய்க்குள் அமெரிக்க டாலர் உருகிக் கிடக்கலாம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு அடித்ததால்தான் அந்த வருஷங்களின் தேய்ந்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

பிறகு எதை எடுத்து வைக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

1911 ஜார்ஜ் ரூபாய். பன்றி ரூபாய் என்பார்கள். ஒரு லென்ஸை எடுத்து ராஜாவின் முகத்தை விட்டுவிட்டு, அவர் போட்டிருக்கும் அங்கிக்கு வாருங்கள். மார்பில் ஒரு சின்ன மிருகம் இருக்கும், மிளகு அளவுதான். அது யானை. 1911-ல் அச்சுச் செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார், பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். குறிப்பாக முஸ்லிம்களுக்கு அந்தக் காசைக் கையில் வாங்குவதே மனச்சங்கடமாகிவிட்டது. அரசாங்கம் அதை நிறுத்தி, 1912-ல் தும்பிக்கையை நீட்டிப் புதிதாக அடித்தது. பக்கத்தில் பக்கத்தில் ஒரு 1911-ம் ஒரு 1912-ம் வைத்துப் பாருங்கள், 1912-ல் யானை யானையாகவே இருக்கும். எங்கள் 11 ஜார்ஜில் ஒன்று 1911. நாற்பது வாட் பல்புக்குக் கீழே லென்ஸோடு உட்கார்ந்து அந்தக் குட்டைத் தும்பிக்கையைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

1939 ரூபாய் அரிதிலும் அரிது. அதனாலேயே 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கி விற்பார்கள். உங்கள் வீட்டில் 1939 கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த ஒன்பதை லென்ஸில் பாருங்கள், சுற்றிலும் இருக்கும் தளம் சுரண்டியதுபோல இருக்கிறதா என்று. அதைத் தெரிந்தவரிடம் காட்டாமல் விற்கவே கூடாது.

1862-ல் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த வருஷத்தை மாற்றாமலேயே 1874 வரை அதே தேதியோடு அடித்தார்கள். பம்பாயில் அடித்ததில் தேதிக்குக் கீழேயும் மேலே பூவுக்கு அடியிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரிது, சாதாரணம் என்று பிரிப்பார்கள் சேர்ப்பவர்கள். எண்ணி எழுதி வையுங்கள். 1840-ல் "விக்டோரியா குயின்" என்பது தலைக்கு மேல் ஒரே வளைவாக ஓடுகிறதா, இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

காசு அடித்த இடமான அக்கசாலையின் குறியும் முக்கியம். கல்கத்தாவில் அடித்ததற்குப் பெரும்பாலும் குறி கிடையாது. பம்பாய்க்குப் புள்ளியோ, சாய்சதுரமோ, "பி" என்ற ஆங்கில எழுத்தோ இருக்கும். லாகூருக்கு "எல்". ஒரே வருஷத்தில் ஒரு ஊர்க் காசு மலிவாகவும் இன்னொரு ஊர்க் காசு அரிதாகவும் இருக்கும். நியூமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் முகம், வருஷம், குறி மூன்றையும் வைத்துத் தேடினால் எடை, வெள்ளிச் சதவீதம், வகை எல்லாம் படத்தோடு வரும்.

1835-க்கு முந்தின, பாரசீக எழுத்து மட்டும் இருக்கிற காசு வந்தால் தனியாக வையுங்கள். சென்னையில் கம்பெனி அடித்த ஆற்காட்டு ரூபாயில் தாமரை மாதிரி ஒரு குறி இருக்கும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்ததில் பிறை. கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் திருவிதாங்கூர்ச் சக்கரம் என்ற வெள்ளிக் காசு கிடைக்கும், விரல் நகத்தைவிடச் சின்னது, அரை கிராம்கூட வராது. எடைக்கு விற்றால் ஒன்றுமே தேறாது, அதனால் எடைக்கு விற்கவே கூடாது.

இவ்வளவுக்கும் மேலே இருப்பது நிலை. சாதாரண வருஷத்துக் காசாக இருந்தாலும் தேயாமல் இருந்தால் விலை உண்டு. ராணிக்குக் கன்னமும் கிரீடத்தின் மேல்வளைவும், எட்வர்டுக்குக் காதுக்கு மேல் முடியும், ஜார்ஜுக்குக் காதும் அங்கியின் பூவேலையும் முதலில் தேயும். அங்கே முடிக்கோடுகள் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் அது நல்ல காசு. தளத்தில் காசைச் சாய்க்கும்போது ஒரு மினுமினுப்பு சக்கரம் மாதிரிச் சுற்றினால் இன்னும் நல்லது. காசுமாலைக்காகக் காது வைத்துப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த காசு, ஓட்டை போட்ட காசு, இவற்றுக்கு வெள்ளி விலைதான். பொடியில் வேறு உலோகம் இருப்பதால் அதற்கும் கொஞ்சம் கழிப்பார்கள், அது நியாயமான கழிவுதான்.

இப்படி எடுத்து வைத்ததற்கு என்ன விலை என்று கண்டுபிடிக்க, யாராவது கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். யூடியூபிலும் விளம்பரத்திலும் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று போடுவார்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளில் படத்தோடு கிடைக்கும். உங்கள் காசின் அதே வருஷம், அதே குறி, அதே அளவு தேய்மானம் உள்ளதைத் தேடுங்கள். இரண்டு மூன்று விற்பனையைப் பார்த்தால் ஒரு மட்டம் புரிந்துவிடும். சென்னை, கோவை, சேலம் மாதிரி ஊர்களில் நாணயம் சேர்ப்பவர்கள் கண்காட்சி நடத்துவார்கள். அங்கே போய் ஒரே காசை மூன்று மேஜையில் காட்டிப் பாருங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும் ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள், நல்ல காசு என்றால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

ஏமாற்றுவதைப் பற்றி. உங்கள் காசு இத்தனை லட்சத்துக்குப் போகும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இதைச் செய்தார்கள். நாங்கள் இப்படி எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டிவந்தது. காசு விற்கிறவர் பணம் வாங்க வேண்டும், கட்டக் கூடாது. எங்கள் சொம்பில் இருந்த அந்த ராமர் காசைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். 1616, 1717, 1818 என்று வருஷம் போட்டு, அனுமாரும் ராமரும் இருக்கிற இவை கம்பெனி அடித்த காசே இல்லை, பூஜைக்காகப் பின்னாளில் செய்தவை. அரிசியை இழுக்கும், சக்தி இருக்கிறது என்று இதை லட்சத்துக்கு விலை பேசுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதில் மாட்டிச் சேமிப்பை எல்லாம் இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள், அதற்கு விலை பேசாதீர்கள்.

சட்டம் இரண்டு. வீட்டில் பரம்பரையாக இருந்தது உங்களுடையது. கிணறு வெட்டும்போதோ கொல்லையைத் தோண்டும்போதோ புதையலாகக் கிடைத்தால் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் ஒருவர் நல்ல விலை கேட்கிறார், பார்சல் போடுகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள்.

இனி கடைக்குப் போகலாம். மூன்று கடுதாசி உறையில் பிரித்து எடுத்துப் போங்கள்: நல்ல வெள்ளி, அரை வெள்ளி, மற்றவை. ஒவ்வொரு உறையின் மேலும் எத்தனை காசு, என்ன எடை என்று எழுதியிருக்கட்டும். எடுத்து வைத்த நல்ல காசுகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. எத்தனை டச், அதாவது நூற்றுக்கு எத்தனை வெள்ளி, போடுகிறீர்கள்? கழிவு எவ்வளவு? எந்த ரேட்? போர்டில் எழுதியிருப்பது சுத்த வெள்ளியை அவர்கள் விற்கிற விலை, வாங்குகிற விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர்களும் உருக்க வேண்டும், உருக்கினால் கொஞ்சம் போகும். அதற்காக ஒரு சிறு பங்கைக் கழிப்பது தொழில் தர்மம்தான். ஆனால் டச்சிலும் குறைத்து, கழிவும் எடுத்து, ரேட்டும் இறக்கினால் மூன்று முறை கழிக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டறையில் கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், இந்த மூன்று கேள்வியைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் பேசுகிற விதம் மாறும். பதிலை உறையின் மேலேயே எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். உருக்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், உருகிய பிறகு அது காசு இல்லை.

மாமாவும் நானும் நான்கு கடை ஏறினோம். முதல் கடையில் நல்ல வெள்ளி உறையையே 70 டச் என்றார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "1940-க்கு முந்தினதுங்க, தொண்ணூத்தொண்ணே முக்கால் இருக்கணும்" என்றார். கடைக்காரர் 85 வரை வந்தார். நான்காவது கடையில் 90 போட்டார்கள், கழிவு தனியாக எடுக்கவில்லை, எங்கள் முன்னாலேயே எடை வைத்து, பில் எழுதி, பணத்தை மாமாவின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அங்கே 25 நல்ல வெள்ளியும் 8 அரை வெள்ளியும் கொடுத்தோம். காந்தியைக் கொடுக்கவில்லை.

எடுத்து வைத்தது ஆறு: மூன்று 1840, புள்ளி வைத்த ஒரு 1862, தேயாத ஒரு எட்வர்டு, அந்த 1911. இரண்டு மாதம் கழித்து ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். 1840 மூன்றும் நன்றாகத் தேய்ந்தவை, வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலேதான் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். எட்வர்டு இரண்டு மடங்குக்குப் போனது. 1911-க்கு வெள்ளி விலையைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. லட்சம் இல்லை, ஆனால் அந்த யானையைப் பார்க்கத் தெரியாமல் போயிருந்தால் அதுவும் கொலுசாகியிருக்கும்.

1862-ஐ மாமா விற்க வேண்டாம் என்றுவிட்டார். புள்ளியை அவரே லென்ஸில் எண்ணிப் பார்த்தவர். காந்தியும் புலி ரூபாய் இரண்டும் அதோடு அவரிடம் இருக்கின்றன. பளபளப்பான பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார், நாளாக நாளாக அதில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும் என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடுதாசி உறையில் மாற்றி, மேலே வருஷமும் எடையும் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.